மூன்றே சேனல் இருந்தபோது அமெரிக்கா அமைதியாக இருந்ததா?

19 அக்டோபர் 2025, ஞாயிறு இரவு

வாசகர் ஒருவரின் கேள்வியை அப்படியே போடுகிறேன்: “நேற்று ஊரெல்லாம் அதிபர் ட்ரம்பை எதிர்த்து ‘நோ கிங்ஸ்’ ஊர்வலம். போன மாதம் யூட்டாவில் கல்லூரி வளாகத்தில் பேசிக்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் தேசியக் காவல் படை. நான் 1980-களில் இந்த நாட்டில் சிறுபிள்ளையாக இருந்தவன், அப்போது இப்படியெல்லாம் கிடையாது. மூன்று சேனல், கூடவே ஒரு பொதுச் சேனல், அவ்வளவுதான். எல்லோரும் ஒன்றையே பார்த்தோம், கிட்டத்தட்ட ஒன்றையே நம்பினோம். டிவி கெட்டது, கூடவே நாடும் கெட்டது. மறுக்க முடியுமா?”

முடியும். அப்போது உங்களுக்கு ஆறு வயது இருக்கும். எட்டு மணிக்கு உங்களைத் தூங்கவைத்துவிட்டு, பதினொரு மணிச் செய்தியை உங்கள் அப்பா தனியாகப் பார்த்தார். அவரைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலம் எப்படி இருந்தது என்று.

நீங்கள் உருகி உருகி எழுதியிருக்கும், பொதுச் சேனலில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய மிஸ்டர் ராஜர்ஸையே எடுத்துக்கொள்வோம், அவர் எங்கள் ஊர்க்காரர் என்பதால். பிட்ஸ்பர்க்கின் டபிள்யூ.க்யூ.இ.டி. நிலையத்தில்தான் அந்த நிகழ்ச்சியை எடுத்தார்கள். நாடு முழுக்க ஒளிபரப்பாகத் தொடங்கியது 1968 பிப்ரவரி 19. வியட்நாமில் டெட் தாக்குதல் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. முதல் வாரக் கதையே என்ன தெரியுமா? பொம்மை ராஜ்யத்து அரசர், பதின்மூன்றாம் ஃப்ரைடே, தன் ஊரில் எதுவும் மாறக் கூடாது என்று எல்லையில் முள்கம்பி போட்டுக் காவல் வைக்கிறார். மற்றவர்கள் பலூன்களில் சமாதான வாசகங்களைக் கட்டிக் கோட்டைக்குள் பறக்க விடுகிறார்கள். நாலு வயதுப் பிள்ளைகளுக்கான கதை இது!

அந்த ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். டபிள்யூ.க்யூ.இ.டி. இருந்த பிட்ஸ்பர்க்கின் ஓக்லண்ட் பகுதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஹில் டிஸ்ட்ரிக்ட் பற்றி எரிந்தது, காவல் படை வந்தது. ஜூனில் ராபர்ட் கென்னடி. அவர் இறந்த மறுநாள் மாலையே ராஜர்ஸ் பெற்றோருக்காக ஒரு தனி நிகழ்ச்சி போட்டார். அதில் டேனியல் என்ற புலிப் பொம்மை ஒரு பலூனை ஊதி, காற்றை வெளியே விடச் சொல்கிறது. உள்ளே இருந்த காற்று எங்கே போச்சு, உன் காற்றும் இப்படிப் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, அப்புறம்தான் படுகொலை என்றால் என்னவென்று கேட்கிறது.

அமைதியான நாடாம்.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி, ஆனால் இங்கே வேலை நாள். அதனால் சுருக்கமாக. ராஜர்ஸ் வியட்நாமில் மறைந்திருந்து சுடும் வீரராக இருந்தார், கை முழுக்கப் பச்சை குத்தியிருந்ததால்தான் எப்போதும் ஸ்வெட்டர் போட்டார் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். சுத்தப் பொய். அவர் ராணுவத்திலேயே இருந்ததில்லை. 1963-ல் பிரெஸ்பிட்டேரியன் போதகராகப் பட்டம் பெற்றவர். ஸ்வெட்டர்களைப் பின்னியது அவர் அம்மா. அதில் ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் இருக்கிறது. இந்தப் புரளி எங்கள் பள்ளிப் பேருந்தில் 1982 வாக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது, ஆகவே வதந்தியைக் கண்டுபிடித்தது வாட்ஸ்அப் என்று யாரும் எழுதி அனுப்ப வேண்டாம்.

22 அக்டோபர், புதன்

கேட்டவர் விடவில்லை. “1968-ஐ விடுங்கள், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொன்னது எண்பதுகளை” என்கிறார். சரி, எண்பதுகளுக்கே வருகிறேன். நான் அங்கேதான் இருந்தேன்.

1980-ல் பிட்ஸ்பர்க்குக்குக் கிழக்கே மன்ரோவில்லில் வந்து இறங்கியபோது எனக்குப் பதினொரு வயது, தங்கைக்கு நான்கு. அப்பாவுக்கு அணு உலை வடிவமைக்கும் கம்பெனியில் வேலை. வாரக் கடைசியில் பென் ஹில்ஸ் பெருமாள் கோயில், மற்ற நாட்களில் டிவி. அம்மா இங்கிலீஷ் கற்றது மிஸ்டர் ராஜர்ஸிடம். தங்கைக்காகப் போட்டது, ஆனால் அசையாமல் உட்கார்ந்து பார்த்தது அம்மாதான். அந்த மனுஷன் ஒருத்தர்தான் இந்த ஊரில் புரிகிற வேகத்தில் பேசுகிறார் என்பார். கடையில் கேஷியரிடம் அவர் மாதிரியே நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு விட்டு, அம்மா பேசுவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழப்பார்கள். எனக்கு மானம் போகும். இப்போது நினைத்தால் அந்தக் கேஷியர்கள் யாரும் அம்மாவிடம் முகம் சுளித்ததாக நினைவில்லை.

அதே டிவியில் வேறு என்ன பார்த்தோம் என்று சொல்கிறேன். 1981 மார்ச் 30, திங்கட்கிழமை. பள்ளி விட்டு வந்தால் எந்தச் சேனலைத் திருப்பினாலும் ஒரே காட்சி: ஹில்டன் ஹோட்டல் வாசல், அதிபர் ரீகன் கை அசைக்கிறார், பட்பட்டென்று சத்தம், காருக்குள் தள்ளுகிறார்கள். திரும்பத் திரும்ப அதையே போட்டார்கள். அன்றிரவு நடக்கவிருந்த ஆஸ்கர் விழாவை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். ஒன்றையே நம்பினோம் என்றீர்களே, அன்று மூன்று சேனலும் ஒரே குரலில் சொன்ன ஒரு செய்தி, வெள்ளை மாளிகையின் பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடி இறந்துவிட்டார் என்பது. அவர் இறக்கவில்லை. அதற்குப் பிறகு 33 ஆண்டுகள் வாழ்ந்தார். ஏ.பி.சி.யின் ஃப்ராங்க் ரெனால்ட்ஸ் நேரலையிலேயே தன் ஆட்களைக் கடிந்துகொண்டார். மூன்று பேரும் ஒரே மாதிரி தப்பாகச் சொன்னால் சரிபார்க்க நாலாவது இடம் கிடையாது என்பதுதான் அந்த ஒற்றுமையின் இன்னொரு பக்கம்.

1985 மே 13. நம் பென்சில்வேனியாவிலேயே, பிலடெல்பியாவில், ‘மூவ்’ என்ற கறுப்பின அமைப்பு இருந்த வீட்டின் மேல் போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து வெடிகுண்டு போட்டது. தீயை உடனே அணைக்கவும் இல்லை. ஐந்து குழந்தைகள் உட்பட 11 பேர் செத்தார்கள், 61 வீடுகள் சாம்பல். இது டிவியில் நேரலையாக ஓடியது. எனக்கு அப்போது பள்ளி இறுதி ஆண்டு நெருங்குகிறது, செய்தி பார்க்கிற வயசு. என்னோடு படித்த நண்பனிடம் போன வருடம் இதைச் சொன்னால், “அது அறுபதுகளில் நடந்தது இல்லையா?” என்கிறான். அவனுக்கு அந்த மே மாதம் என்றால் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கார்ட்டூன்தான்.

அப்புறம் இரும்பு. மனோங்கஹேலா ஆற்றங்கரை ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன, ஹோம்ஸ்டெட் ஆலை 1986-ல் மூடியது. வேலை போனவர்களுக்காகச் சில பாதிரியார்களும் தொழிற்சங்கத்துக்காரர்களும் சேர்ந்து செய்த போராட்டத்தை இன்று சொன்னால் கட்டுக்கதை என்பீர்கள். உள்ளூரில் முதலீடு செய்யாமல் வெளிநாட்டுக்குக் கடன் கொடுக்கிறது என்று ஒரு பெரிய வங்கிமேல் கோபம். வங்கியின் பாதுகாப்புப் பெட்டகங்களை வாடகைக்கு எடுத்து, உள்ளே செத்த மீனை வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டார்கள். நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று தேடவும் முடியாது, சாவி வாடிக்கையாளரிடம். கிளேர்ட்டன் ஊர் லூத்தரன் போதகர் ஒருவர் நீதிமன்ற உத்தரவை மீறி 1984-ல் சிறைக்கே போனார். பணக்கார சபை ஒன்றின் கிறிஸ்துமஸ் விருந்தில் ஸ்கங்க் நாற்ற எண்ணெய் அடைத்த பலூன்களை எறிந்தார்கள். குழந்தைகள் இருந்த விருந்து அது, அதற்கு என்னால் பரிந்து பேச முடியாது. ஆனால் மீன் வேலையை எங்கள் அப்பா, ஊர்வலம் என்றாலே ஒதுங்கிப் போகிறவர், சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இதெல்லாம் நடந்த ஊரில்தான், அதே ஆண்டுகளில், அந்த ஸ்வெட்டர்க்காரர் கோல்ட்ஃபிஷ்ஷுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

25 அக்டோபர், சனி காலை

“எல்லாம் ரீகன் 1987-ல் ஃபேர்னஸ் டாக்ட்ரின் விதியை எடுத்ததால் வந்தது. அது இருந்திருந்தால் ஃபாக்ஸ் நியூஸே வந்திருக்காது” என்று மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்ற அந்த விதி, காற்றலையில் உரிமம் பெற்று ஒளிபரப்பும் நிலையங்களுக்கு மட்டும்தான். கேபிளில் வருகிற சேனலை அது கட்டுப்படுத்தாது. ஃபாக்ஸ் நியூஸ் 1996-ல் வந்தது கேபிளில். வானொலிப் பேச்சாளர்களுக்கு 1987 வழி திறந்துவிட்டது என்றால் ஒத்துக்கொள்வேன், ரஷ் லிம்பா நாடு முழுக்கப் போனது அதற்கு மறு ஆண்டுதான்.

உண்மையில் நம் தலைமுறைப் பிள்ளைகளை நேராகத் தொட்டது வேறொரு முடிவு, அதை யாரும் பேசுவதில்லை. ஒளிபரப்பை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.சி. அமைப்புக்கு ரீகன் நியமித்த தலைவர் மார்க் ஃபவுலர், டிவி என்பது படம் காட்டுகிற டோஸ்டர், மற்றபடி அதில் விசேஷம் ஒன்றும் இல்லை என்ற கொள்கைக்காரர். 1984-ல் குழந்தை நிகழ்ச்சிகளில் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஹீ-மேன் வந்தாயிற்று, பின்னாலேயே டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஜி.ஐ. ஜோ. பொம்மை முதலில், கதை அப்புறம். நாம் கண்ணீர் மல்க நினைத்துக்கொள்ளும் அந்த மாலை நேரக் கார்ட்டூன்களில் பாதி அரை மணி நேர விளம்பரங்கள். தெரிந்தும் ஆப்டிமஸ் பிரைம் குரலைக் கேட்டால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது, அது வேறு விஷயம்.

சனிக்கிழமைக் காலைக் கார்ட்டூன்? அது 2014 செப்டம்பரோடு முடிந்துபோனது. பெரிய ஒளிபரப்பு வலையமைப்புகளில் கடைசியாக வைத்திருந்தது சி.டபிள்யூ. யாரும் கொடி பிடித்து ஊர்வலம் போகவில்லை. நானும் அன்று எங்கோ கடைக்குத்தான் போயிருந்தேன்.

அதே நாள், இரவு

தவளை பற்றிக் கேட்கிறீர்கள். போர்ட்லாந்தில் குடியேற்றத் துறை அலுவலகத்தின் முன் காற்றடைத்த தவளை உடையில் ஒருவர் நின்றாரே, அதிலிருந்து ஆளாளுக்குத் தவளை, டைனோசர், ஒற்றைக் கொம்புக் குதிரை என்று கிளம்பிவிட்டார்கள். போன சனிக்கிழமை, 2,600-க்கு மேற்பட்ட இடங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்ன அந்த ஊர்வலத்தில், எங்கள் பக்கமும் ஒரு டைனோசர் வந்தது. மின்விசிறிக்கு பேட்டரி தீர்ந்து அது மெல்லச் சுருங்க, உள்ளே இருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை வெளிவந்து தண்ணீர் கேட்டார். கலவரக்காரர்கள் என்று சொல்லப்படுகிறவர்கள் சிறுவர் நிகழ்ச்சிப் பாத்திரம் மாதிரி வந்து நின்றால் அந்தச் சொல்லே எடுபடாது, தந்திரம் அதுதான்.

புதிது என்று நினைக்காதீர்கள். 2012 அதிபர் விவாதத்தில், பொதுச் சேனலான பி.பி.எஸ்.ஸின் ஆளே நடுவராக உட்கார்ந்திருக்க, குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி, அதில் வரும் ‘செசமி ஸ்ட்ரீட்’ குழந்தைகள் நிகழ்ச்சியின் பறவைப் பொம்மையைச் சொல்லி, “பிக் பேர்டைப் பிடிக்கும், ஆனாலும் பி.பி.எஸ்.ஸுக்குப் பணத்தை நிறுத்துவேன்” என்கிற மாதிரி சொன்னார். ஒரே மாதத்தில், தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை, வாஷிங்டனில் பொம்மைகளோடு ஊர்வலம் போனார்கள். பெயர் மில்லியன் பப்பெட் மார்ச். மில்லியன் எல்லாம் இல்லை.

2 நவம்பர், ஞாயிறு

ஒரு வாரமாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருப்பது, என் வாதத்துக்கே எதிரான ஒன்று. மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

1992 ஏப்ரல் 29, ராட்னி கிங் என்ற கறுப்பரை அடித்த போலீஸ்காரர்களை விடுவித்துத் தீர்ப்பு வந்து லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தது. 60-க்கு மேல் சாவு, சுமார் 100 கோடி டாலர் சேதம். மறுநாள், ஏப்ரல் 30, வியாழக்கிழமை, பில் காஸ்பி அப்பாவாக நடித்த குடும்பத் தொடர் ‘காஸ்பி ஷோ’வின் கடைசிப் பகுதி ஒளிபரப்பாக வேண்டும். மேயர் டாம் பிராட்லி, வீட்டிலேயே இருங்கள், காஸ்பி ஷோ பாருங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். அந்த ஊர் என்.பி.சி. நிலையம் கலவரச் செய்தியை நிறுத்திவிட்டு அந்தப் பகுதியைப் போட்டது. நான் அப்போது ஒஹையோவில் படித்துக்கொண்டிருந்தேன். விடுதியின் பொது அறையில் அதே ஒரு மணி நேரத்துக்காகக் கூட்டம். நடுவில் யாரோ சேனலை மாற்றினால் தீ, திருப்பி மாற்றினால் தொடரில் வரும் மகன் தியோவின் பட்டமளிப்பு விழா. மாற்றாதே என்று ஒருவன் கத்தினான், எதை மாற்ற வேண்டாம் என்கிறான் என்று யாருக்கும் புரியவில்லை.

இன்று எந்த மேயர், எந்த நிகழ்ச்சியின் பேரைச் சொல்லி ஊரை வீட்டுக்குள் இருக்கச் சொல்ல முடியும்? சொன்னால் பாதிப் பேர் அந்தப் பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கேட்டவர் சொன்னதில் இந்த அளவுக்கு விஷயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் முழுசாக விட்டுக்கொடுக்க மனசில்லை. அந்தத் தீயைப் பற்றவைத்ததிலும் டிவிக்குப் பங்கு உண்டே. ஜார்ஜ் ஹாலிடே என்ற பிளம்பர் 1991 மார்ச் 3 அன்று தன் பால்கனியிலிருந்து கிங்கை அடிப்பதைப் படம் பிடித்து கே.டி.எல்.ஏ. நிலையத்துக்குக் கொடுத்தார். எல்லோரும் ஒன்றையே பார்த்தோம், ஆமாம். பார்த்த அத்தனை பேருக்கும் கண் முன்னால் இருந்ததை, வழக்கின் ஜூரிகள் மட்டும் வேறு மாதிரி பார்த்தார்கள். ஒன்றையே பார்த்ததால்தான் அவ்வளவு கோபம். அப்புறம் அந்தக் காஸ்பி. 2018-ல் பாலியல் வன்முறை வழக்கில் தண்டனை, 2021-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எங்கள் வீட்டில் அந்த நிகழ்ச்சியின் பேச்சை எடுத்தாலே எல்லோரும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறோம். நாடே சேர்ந்து நம்பிய அப்பா அவர்.

5 நவம்பர், புதன்

நேற்று ஓட்டுப் போட்டேன். பென்சில்வேனியாவில் நீதிபதிகள் நீடிக்கலாமா என்ற வாக்கெடுப்பு. அதற்கு டிவியில் வந்த விளம்பரங்களைப் பார்த்தால் ஏதோ பேய்ப் படம்.

யாரோ கேட்டதற்குப் பதில்: ஆம், ராஜர்ஸும், அந்த நிகழ்ச்சியில் கறுப்பினப் போலீஸ்காரராக வந்த ஆபீசர் கிளெமன்ஸும் ஒரே பிளாஸ்டிக் தொட்டியில் கால் நனைத்த பகுதி உண்மைதான், 1969 மே 9. அதைச் சாதாரணமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். இதே பிட்ஸ்பர்க்கில் ஹைலண்ட் பார்க் நீச்சல் குளம் 1931-ல் திறந்தபோது, குளிக்க வந்த கறுப்பர்களை வெள்ளையர்கள் அடித்து விரட்டினார்கள். கிளெமன்ஸாக நடித்த ஃபிரான்ஸ்வா கிளெமன்ஸ், போலீஸ் வேடம் என்றதும் முதலில் தயங்கினார். அவர் வளர்ந்த தெருவில் போலீஸ் என்றால் நல்ல எண்ணம் இருந்ததில்லை. எனக்குப் பிடித்த இடம் கால் நனைப்பது இல்லை, துவட்டிக்கொள்ள ராஜர்ஸின் துண்டையே அவரும் வாங்கிக்கொள்வாரே, அது.

8 நவம்பர், சனி

“உங்கள் பிள்ளைகள் என்ன பார்த்து வளர்ந்தார்கள்?” என்று கேட்டிருக்கிறார் ஒரு அம்மா. நல்ல கேள்வி, நான் இதுவரை என் சின்ன வயசையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

2020 ஜூன் தொடக்கத்தில், ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பர் போலீஸ் கையில் கொல்லப்பட்ட அடுத்த வாரம், குழந்தைகள் சேனலான நிக்கலோடியன் 8 நிமிடம் 46 நொடி நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு, கறுப்புத் திரையில் மூச்சு விட முடியவில்லை என்ற எழுத்தையும் மூச்சுச் சத்தத்தையும் மட்டும் வைத்தது. குழந்தைகள் பயந்துவிட்டார்கள் என்று சில பெற்றோர் திட்டினார்கள், சிலர் பாராட்டினார்கள். சில நாள் கழித்து சி.என்.என்.னும் செசமி ஸ்ட்ரீட்டும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியில் எல்மோவின் அப்பா, தெருவில் ஏன் இத்தனை பேர் பதாகையோடு நிற்கிறார்கள் என்று எல்மோவுக்கு விளக்கினார். டேனியலின் பலூன் பரம்பரை அறுந்துவிடவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

என் மகனுக்கு அப்போது 11 வயது. இரண்டையும் அவன் பார்க்கவில்லை. யாரோ ஒருத்தர் வீடியோ கேம் ஆடுவதை இன்னொரு திரையில் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே யாரும் குறுக்கே வந்து நிறுத்தப்போவதில்லை. அதற்காக அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2021 ஜனவரி 6 மதியம் நான் வீட்டில் மீட்டிங்கில் இருக்கிறேன், கதவைத் திறந்து “அப்பா, கேபிடலுக்குள்ளே ஆளுங்க ஏறிட்டாங்க, ஒருத்தன் கொம்பு வச்சிருக்கான்” என்றான். நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ட்ரம்ப் ஆதரவாளர்கள் புகுந்ததை, ஆன்லைன் வகுப்பில் இருந்துகொண்டே நண்பர்கள் குழுவில் பார்த்திருக்கிறான். எனக்கு அவன்தான் செய்தி வாசிப்பாளர். 1981-ல் என்னை உட்காரவைத்து யார் சுட்டது, ஏன் சுட்டான் என்று தெரிந்த அளவுக்கு அப்பா சொன்னார். 2021-ல் மகன் சொல்லி நான் தெரிந்துகொண்டு, அப்புறம் என்ன விளக்குவது என்று தெரியாமல் சி.என்.என். போட்டேன். இருவரும் ராத்திரி வரை பார்த்தோம். அந்த ஒரு நாள் மட்டும் எங்கள் வீட்டில் மறுபடியும் ஒரே டிவி.

இதற்கு மேல் அதில் ஒரு தத்துவம் தேட எனக்கு விருப்பமில்லை. அவன் நன்றாகத்தான் இருக்கிறான். செய்தி என்னைவிட நிறையத் தெரிகிறது, நான் அந்த வயதில் பயந்ததைவிடக் குறைவாகத்தான் பயப்படுகிறான்.

10 நவம்பர், திங்கள்

செசமி ஸ்ட்ரீட்டுக்கு இன்றோடு 56 வயது. இன்றே புதுப் பகுதிகள் நெட்ஃபிளிக்ஸில் வந்திருக்கின்றன. நல்லவேளை, பி.பி.எஸ்.ஸிலும் இலவசமாக வருகிறது.

“பொதுச் சேனலுக்கு எதுக்கு வரிப்பணம், போனால் போகட்டும்” என்று எழுதியவருக்கு. 1969 மே 1 அன்று செனட்டர் ஜான் பாஸ்டோர் குழுவின் முன் ராஜர்ஸ் உட்கார்ந்து, கோபம் வந்தால் என்ன செய்வது என்ற தன் பாட்டின் வரிகளைச் சொல்லிக் காட்டினார். கறார் பேர்வழி என்று பேரெடுத்த பாஸ்டோர், உடம்பு சிலிர்க்கிறது, பொது ஒளிபரப்புக்கான 2 கோடி டாலரைச் சம்பாதித்துவிட்டீர்கள் என்றார். அதிபர் நிக்சன் அதைப் பாதியாக்கப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இந்த ஜூலையில் காங்கிரஸ் பொது ஒளிபரப்புக் கழகத்துக்கு இரண்டு ஆண்டுக்கு ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது, ஆகஸ்ட் 1 அன்று கழகம் கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. 1967-ல் ஜான்சன் கையெழுத்துப் போட்ட சட்டத்தில் பிறந்தது. அடி விழப்போவது பெரிய நகரத்து நிலையங்களைவிட, நன்கொடை திரட்ட ஆளில்லாத சின்ன ஊர் நிலையங்களுக்கு.

அந்தக் காலத்தில் எல்லோரும் செசமி ஸ்ட்ரீட்டை விரும்பினார்கள் என்பவருக்கும் சேர்த்து ஒன்று. 1970 மே மாதம் மிசிசிப்பி மாநிலக் கல்வி ஒளிபரப்பு ஆணையம் அதைத் தடுத்தது. காரணம், கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே தெருவில் வாழ்கிறார்கள். செய்தி வெளியே கசிந்து நாடே சிரித்ததும் சில வாரத்தில் தடையை எடுத்துவிட்டார்கள். அரசியல் குழந்தைகள் டிவிக்குள் நுழைந்தது நேற்று இல்லை.

13 நவம்பர், வியாழன்

நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் 43 நாள் பூட்டிக் கிடந்த அரசாங்கம் நேற்று இரவு திறந்துவிட்டது. விமானங்கள் ஒழுங்காகப் பறக்க எத்தனை நாளாகுமோ.

கேட்டவர் கடைசியாக எழுதியிருக்கிறார்: “சரி ஐயா, அந்தக் காலம் அமைதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எனக்கு அது வேண்டும். ஒரே ஒரு நிகழ்ச்சியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றால் எதைக் கொண்டுவருவீர்கள்?”

வேண்டும் என்பதில் தப்பே இல்லை. எனக்கும் வேண்டும். நான் கேட்பது ஸ்கூல்ஹவுஸ் ராக். ஏ.பி.சி.யில் 1973-லிருந்து சனிக்கிழமைக் கார்ட்டூன்களுக்கு நடுவில் மூன்று நிமிடம் வரும். தன் மகனுக்கு வாய்ப்பாடு தலையில் ஏறவில்லை, ராக் பாட்டு மட்டும் மனப்பாடமாக வருகிறதே என்று பார்த்த ஒரு விளம்பரக் கம்பெனித் தலைவரின் யோசனை அது. அதில் கேபிடல் படியில் ஒரு காகிதச் சுருள் உட்கார்ந்துகொண்டு, நான் வெறும் மசோதாதான், சட்டமாவதற்குக் குழு, அவை, இன்னொரு அவை, அதிபர் மேசை என்று எல்லாம் தாண்ட வேண்டும் என்று பாடும். குடியுரிமை நேர்காணலுக்கு எங்கள் அப்பா படித்ததெல்லாம் அந்தப் பாட்டு. மசோதா எப்படிச் சட்டமாகிறது என்று அதிகாரி கேட்டபோது, பாடாமல் பதில் சொல்ல ரொம்பக் கஷ்டப்பட்டேன் என்றார்.

அந்தப் பாட்டில் அரசாங்கம் மூடுவதற்கு ஒரு அடி கிடையாது. ஒளிபரப்பிய 1976-ல் அப்படிப் பூட்டும் வழக்கமே வரவில்லை, 1980-ல் அட்டர்னி ஜெனரல் கொடுத்த ஒரு சட்டக் கருத்துக்குப் பிறகுதான் பூட்ட ஆரம்பித்தார்கள். யாராவது இசை தெரிந்தவர்கள் இருந்தால் அந்த அடியை எழுதி அனுப்புங்கள். நடையில் மட்டும் கை வைக்காதீர்கள், ஜாஸ்தான்.